பெட்டியில் 7,200 டிபிஐ, சென்சாரில் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் இணைப்பில் கேமிங் மவுஸ் வாங்குவது பற்றி வந்த பக்கத்தைப் படித்தோம். 'டிபிஐ எவ்வளவு கூடுதலோ, குறி அவ்வளவு துல்லியம்' என்று அதில் அச்சாகியிருந்தது. பக்கத்தில் இருந்த அட்டவணையும் டிபிஐ எண்ணின் வரிசையிலேயே அடுக்கப்பட்டிருந்தது. இது தவறு. இந்தத் தவறை நம்பித்தான் பள்ளிப் பிள்ளைகள் எழுநூறு ரூபாய்க்குப் பெட்டியில் 7,200 என்று போட்ட மவுஸை வாங்கிப்போய், சுடும் ஆட்டத்தில் குறி நிற்கவில்லை என்று தங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். திருத்தம் கொஞ்சம் நீளம். பொறுத்துப் பிரசுரிக்க வேண்டுகிறோம்.

டிபிஐ என்பது, மவுஸை ஓர் அங்குலம், அதாவது 2.54 சென்டிமீட்டர், நகர்த்தினால் அது கணினிக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பது மட்டுமே. 800 டிபிஐ என்றால் அங்குலத்துக்கு 800 எண்ணிக்கை. அவ்வளவுதான். சென்சார் தயாரிப்பாளர்களின் தொழில்நுட்பக் குறிப்புகளில் இதை சிபிஐ (கவுன்ட்ஸ் பெர் இஞ்ச், அங்குலத்துக்கு எண்ணிக்கை) என்றே எழுதுவார்கள். அதுவே சரியான பெயரும்கூட. கடைத்தெருவில் டிபிஐ நிலைத்துவிட்டதால் நாமும் அப்படியே சொல்வோம். (அகராதி 'சுட்டி' என்கிறது, கடையில் மவுஸ் என்றால்தான் எடுத்துத் தருகிறார்கள். அதே கதைதான்.) இந்த எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் ஒரே மாதிரி வருகிறதா என்பதுதான் துல்லியம். ரப்பர் நாடாவில் மில்லிமீட்டருக்குப் பத்துக் கோடு போட்டு வைத்துக்கொண்டு சட்டைக்கு அளவெடுத்தால் என்ன ஆகும்? கோடு நெருக்கமாகத்தான் இருக்கும். சட்டை பொருந்தாது.

மவுஸின் அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. எல்இடி வெளிச்சம் சாய்வாக மேசைமேல் விழ, அந்தப் பரப்பின் மேடுபள்ளங்களைச் சென்சார் படம் பிடித்துக்கொண்டே இருக்கும். ஒரு படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டு, புள்ளிகள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தன என்று உள்ளேயே கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை மட்டும் கணினிக்கு அனுப்பும். 1999-இல் வந்த மைக்ரோசாஃப்ட் இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் நொடிக்கு 1,500 படம் எடுத்தது. அதன் டிபிஐ 400. இன்றும் ஆட்டக்காரர்கள் 400, 800, 1,600 என்று இரட்டித்து இரட்டித்துப் பேசுவது அந்தக் காலத்திலிருந்து வந்த பழக்கம். தைவானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் பிஎம்டபிள்யூ 3360 சென்சார் நொடிக்கு 12,000 படம் வரை எடுக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு படமும் 36-க்கு 36, மொத்தம் 1,296 புள்ளிகள்தான். இவ்வளவு சிறிய படத்திலிருந்து அங்குலத்துக்குப் பல ஆயிரம் எண்ணிக்கை எடுக்க வேண்டுமானால், ஒரு புள்ளியின் சிறு பின்னத்தைக்கூட ஊகித்தாக வேண்டும். பின்னம் சிறுக்கச் சிறுக்க, மேசையின் அசைவோடு சென்சாரின் சொந்த இரைச்சலும் எண்ணிக்கைக்குள் நுழையும். அதை மறைக்கச் சில சென்சார்கள் உயர்ந்த டிபிஐயில் பல படங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும். கோடு மழமழவென்று இருக்கும். கையசைவு மட்டும் சற்றுப் பிந்தி வரும்.

இன்றைய உயர்ரக மவுஸ்களில் வரும் பிஏடபிள்யூ 3395 சென்சாரின் உச்சம் 26,000 டிபிஐ. அந்த அளவில் ஓர் எண்ணிக்கை என்பது ஒரு மைக்ரானுக்கும் குறைவான தூரம். 1,920 பிக்சல் அகலத் திரையில், மவுஸை இரண்டு மில்லிமீட்டர்கூட நகர்த்துவதற்குள் கர்சர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். யாரால் இதை வைத்து ஆட முடியும்? அந்தச் சென்சார் நல்ல சென்சார்தான். அதன் நல்ல தன்மைக்கும் பெட்டியில் பெரிதாகப் போட்ட 26,000-க்கும் சம்பந்தமில்லை.

இது உண்மையான சென்சாரின் கதை. மலிவு மவுஸ்களில் நடப்பது வேறு. சென்சாரின் சொந்தத் திறன் 3,200 அல்லது 3,600 டிபிஐயோடு நின்றுவிடும். மவுஸுக்குள் இருக்கும் சிப் ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரண்டாக்கி அனுப்பும். பெட்டியில் 6,400 அல்லது 7,200 ஏறிவிடும். கூடுதல் தகவல் எதுவும் வருவதில்லை. முன்பு ஒரு பிக்சல் நகர்ந்த கர்சர் இப்போது இரண்டு பிக்சல் தாவும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். திரையின் ஸ்கேல் 100 சதவீதத்தில் இருக்கட்டும். விண்டோஸில் படம் வரையும் பெயின்ட் நிரலைத் திறந்து, ஜூம் 100-இல் வைத்து, மவுஸை உச்ச டிபிஐக்குக் கொண்டுபோங்கள். அதன் பக்கவாட்டில் விரல் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். பெயின்டின் கீழ்ப்பட்டையில் கர்சர் நிற்கும் இடம் எண்ணாகத் தெரியும். அது 412, 413, 414 என்று நகர்ந்தால் சரி. 412, 414, 418, 416 என்று இரட்டைப்படையாகவே வந்து, எத்தனை முறை தட்டினாலும் ஓர் ஒற்றைப்படை எண்கூடத் தலைகாட்டவில்லை என்றால், பெட்டியில் போட்ட எண்ணில் பாதிதான் சென்சாருடையது. இந்தச் சோதனைக்கு முன் விண்டோஸ் அமைப்பைச் சரிசெய்ய வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

அட்டவணையில் டிபிஐக்குப் பதிலாக என்ன போட்டிருக்கலாம்? சென்சார் எந்த வேகம் வரை தடம் தவறாமல் பின்தொடரும் என்பதைப் போட்டிருக்கலாம். இதை நொடிக்கு இத்தனை அங்குலம் என்று சொல்வார்கள்; விவரப் பட்டியலில் ஐபிஎஸ் என்றிருக்கும். அலுவலக மவுஸ்களின் சென்சார்கள் பலவற்றுக்கு இது 30. பிஏடபிள்யூ 3327-க்கு 220, பிஎம்டபிள்யூ 3360-க்கு 250, 3395-க்கு 650. இதன் பொருளை ஒரு கணக்கில் பார்ப்போம். ஆட்டத்தில் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸை 52 சென்டிமீட்டர் இழுக்கும்படி வைத்திருக்கும் ஒருவர், முதுகுப் பக்கம் சத்தம் கேட்டுத் திரும்ப 26 சென்டிமீட்டர் இழுக்க வேண்டும். அதை ஐந்தில் ஒரு நொடியில் இழுத்தால் சராசரி வேகமே நொடிக்கு 130 சென்டிமீட்டர், அதாவது 51 அங்குலம். நடுவில் உச்ச வேகம் இதைவிட நன்றாகக் கூடும். 30 அங்குலச் சென்சார் அங்கேயே தடம் இழந்துவிடும். இரண்டு படங்களுக்கும் பொதுவான புள்ளி எதுவும் கிடைக்காததால் அது வாய்க்கு வந்த எண்ணை அனுப்பும். எதிரியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் திரை வானத்தையோ தரையையோ பார்த்துக்கொண்டு நிற்கும். 250 அங்குலம் என்பது நொடிக்கு 6.35 மீட்டர், கையால் அதைத் தாண்டுவது அரிது. ஆகவே 250-க்கும் 650-க்கும் உள்ள வித்தியாசத்துக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். 30-க்கும் 220-க்கும் உள்ள வித்தியாசத்துக்குக் கொடுக்கலாம்.

கடையில் சென்சாரின் பெயரைக் கேளுங்கள். தெரியாது என்றால், மவுஸ் தயாரித்த நிறுவனத்தின் விவரப் பட்டியலில் பாருங்கள். அங்கும் சென்சார் பெயர் இல்லாமல் 'ஹை பிரிசிஷன் ஆப்டிகல் சென்சார்' என்று மட்டும் இருந்தால், பெயர் சொல்லத்தக்க சென்சார் உள்ளே இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். ஏழு நிறத்தில் எரியும் விளக்குக்கும் குறிக்கும் தொடர்பில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறோம்.

இனி விண்டோஸ். 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று ஒரு கட்டம் அதில் இருக்கிறது. வாங்கியபடியே டிக் அடித்து வரும். பெயரில் பிரிசிஷன் என்றிருப்பதால் துல்லியம் கூடும் என்று நினைத்து அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது ஆக்சிலரேஷன். ஒரே தூரத்தை மெதுவாக இழுத்தால் கர்சர் குறைவாகப் போகும். வேகமாக இழுத்தால் அதிகமாகப் போகும். கோப்புகளைத் திறக்க மூட அது வசதிதான். கைக்குத் தூரம் பழக வேண்டிய ஆட்டத்தில் அது பகை. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் மெயின்.சிபிஎல் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். மவுஸ் அமைப்புகள் திறக்கும். 'பாயின்டர் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். மேலே உள்ள வேகக் கோட்டில் 11 நிலைகள் உண்டு. நடுவில் உள்ள ஆறாவது நிலையில் வையுங்கள். அங்குதான் மவுஸ் அனுப்பும் ஓர் எண்ணிக்கைக்குக் கர்சர் சரியாக ஒரு பிக்சல் நகரும். ஏழாவது நிலையில் ஒன்றரை மடங்கு; ஐந்தாவதில் முக்கால் மடங்கு. இரண்டுமே பிக்சலை விழுங்கும் அல்லது தாவும்.

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வாலரன்ட் போன்ற சுடும் ஆட்டங்கள் விண்டோஸைக் கேட்காமல் மவுஸின் எண்ணிக்கையை நேராக எடுத்துக்கொள்ளும். அங்கே இந்த அமைப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் பழைய கணினிகளில் இன்றும் ஓடும் கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 அப்படியல்ல, ரா இன்புட் (நேரடி எண்ணிக்கை) கட்டளையை, ஆட்டத்துக்குள் கட்டளை தட்டும் பெட்டியான கன்சோலில் 1 ஆக்காவிட்டால் விண்டோஸின் ஆக்சிலரேஷன் ஆட்டத்துக்குள்ளும் வந்துவிடலாம். செல்போன் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும், ஆனால் நேரடி எண்ணிக்கையை எடுக்காத எமுலேட்டர்களிலும் இதே தொல்லைதான்.

அமைப்பைச் சரிசெய்தபின் டிபிஐயை அளந்து பார்த்துவிடலாம். 400-இல் வையுங்கள். ஓர் அடி ஸ்டீல் ஸ்கேலை மேசையில் டேப் போட்டு ஒட்டி, மவுஸின் பக்கவாட்டை அதோடு உரசியபடி வலப்பக்கம் சரியாக 10 சென்டிமீட்டர் நகர்த்துங்கள். புறப்பட்ட இடத்திலும் நின்ற இடத்திலும் பெயின்ட் காட்டும் முதல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 1,575 வர வேண்டும். 1,366 பிக்சல் லேப்டாப் திரையில் அவ்வளவு இடம் கிடையாது. அங்கே 8 சென்டிமீட்டருக்கு 1,260. மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். 1,654 வந்தால் உங்கள் 400 உண்மையில் 420. இது பழுதல்ல, ஒரே மாதிரியான இரண்டு மவுஸ்களுக்கிடையே சில சதவீதம் வேறுபடுவது சகஜம். புது மவுஸ் வாங்கியதும் 'கை பழகவில்லை' என்று சொல்வதில் பாதி இதுதான். ஆட்டத்தின் சென்சிட்டிவிட்டியை (ஓர் எண்ணிக்கைக்குப் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அமைப்பை) 400 வகுத்தல் 420, அதாவது 0.952-ஆல் பெருக்கிக்கொண்டால் பழைய மவுஸின் தூரம் திரும்பிவிடும். பல மவுஸ்களில் 50 டிபிஐ படியாக மாற்ற முடியும். ஆனால் இவ்வளவு சிறு திருத்தத்துக்கு ஆட்டத்தின் எண்ணே வசதி.

அளக்கும்போது ஓர் எச்சரிக்கை. மவுஸைக் கோணலாகப் பிடித்தால் கணக்கு தப்பும். 8 டிகிரி கோணலில் கிடைமட்ட எண்ணிக்கையில் ஒரு சதவீதம் காணாமல் போகும்; செங்குத்துப் பக்கம் சுமார் 14 சதவீதம் தோன்றும். பெயின்டின் இரண்டாவது எண் 100-க்கு மேல் மாறியிருந்தால் அந்த அளவை விட்டுவிட்டு மறுபடி எடுங்கள். மறுபக்கம், கொஞ்சம் சாய்த்தே மெதுவாக இழுத்தாலும் பெயின்டில் வரையும் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக விழுந்தால் அதுவும் கோளாறுதான். மவுஸே கோட்டை நேராக்குகிறது என்று பொருள். ஆங்கிள் ஸ்னாப்பிங் என்பார்கள். மவுஸின் மென்பொருளில் இருந்தால் அணையுங்கள். இல்லையென்றால் அந்த மவுஸ் எக்செல் அட்டவணைக்குத்தான் ஆகும்.

இனி சென்சிட்டிவிட்டி கணக்கு. நண்பர் 800 வைத்திருக்கிறார், நானும் 800 வைத்தேன் என்பதில் பொருளில்லை. டிபிஐயும் ஆட்டத்தின் சென்சிட்டிவிட்டியும் சேர்ந்தால்தான் தூரம் கிடைக்கும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் சென்சிட்டிவிட்டி 1 என்றால் ஓர் எண்ணிக்கைக்கு 0.022 டிகிரி திரும்பும். 1996-இல் வந்த குவேக் ஆட்டத்திலிருந்து வழிவழியாக வரும் எண் அது. வாலரன்ட்டில் 0.07 டிகிரி. 360-ஐ 0.022-ஆல் வகுத்தால் 16,364 எண்ணிக்கை. 800 டிபிஐயில் அது 20.45 அங்குலம், அதாவது 52 சென்டிமீட்டர். மவுஸை அவ்வளவு தூரம் இழுத்தால் ஆட்டத்தில் ஒரு முழுச் சுற்று. டிபிஐயை 1,600 ஆக்கிச் சென்சிட்டிவிட்டியை 0.5 ஆக்கினாலும், 400 ஆக்கி 2 ஆக்கினாலும் அதே 52 சென்டிமீட்டர்தான். கவுன்டர்-ஸ்ட்ரைக்கிலிருந்து வாலரன்ட்டுக்குப் போகிறவர் தன் எண்ணை 3.18-ஆல் வகுக்க வேண்டும்: 1 என்பது 0.314 ஆகும். இந்தச் சென்டிமீட்டர் கணக்கை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்தால், மவுஸ் மாறினாலும் ஆட்டம் மாறினாலும் ஐந்தே நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

அப்படியானால் 400-ஆ, 1,600-ஆ? இங்கேதான் 'அதிக டிபிஐ துல்லியம்' என்ற பேச்சுக்கு ஒரு துளி உண்மை இருக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது. 1,920 பிக்சல் அகலத்தில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடும்போது, திரையின் நடுவில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.08 டிகிரி. 400 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 2 என்றால் ஓர் எண்ணிக்கைக்கு 0.044 டிகிரி. ஒரு பிக்சலைத் தொட இரண்டு எண்ணிக்கை இருக்கிறது, போதும். அதே 400-இல் சென்சிட்டிவிட்டியை 4-க்கு ஏற்றினால் ஓர் எண்ணிக்கைக்கே 0.088 டிகிரி, திரை நடுவில் குறிபார்க்கும் அடையாளமான கிராஸ்ஹேர் பிக்சலைத் தாண்டிக் குதிக்கும். தூரத்தில் தெரியும் தலை நான்கைந்து பிக்சல்தான் இருக்கும்போது இது உறைக்கும். இன்னொன்று, 400-இல் மவுஸ் 0.06 மில்லிமீட்டர் நகர்ந்தபின்தான் முதல் எண்ணிக்கையே புறப்படும். 1,600-இல் அதில் கால்பங்கு தூரத்தில் புறப்பட்டுவிடும். ஆகவே நல்ல சென்சாரில் 800 அல்லது 1,600 வைத்து, ஆட்டத்தின் சென்சிட்டிவிட்டியைக் குறைத்துக்கொள்வது நல்லது. 3,200-க்கு மேல் போய்ப் பெறுவதற்கு ஒன்றுமில்லை என்பது எங்கள் கணிப்பு.

எத்தனை சென்டிமீட்டர் வைப்பது என்பதை உங்கள் மேசைதான் முடிவு செய்யும். பேடின் நடுவில் மவுஸை வைத்து, ஒரே இழுப்பில் முதுகுப் பக்கம் திரும்ப முடிய வேண்டும். 45 சென்டிமீட்டர் அகலப் பேடில் நடுவிலிருந்து ஓரத்துக்கு 20 சென்டிமீட்டர் தாராளமாகக் கிடைக்கும். ஆகவே முழுச் சுற்றுக்கு 40 சென்டிமீட்டர். 800 டிபிஐயில் கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கு 1.3, வாலரன்ட்டுக்கு 0.41. 25 சென்டிமீட்டர் சின்னப் பேடில் சுற்றுக்கு 22 சென்டிமீட்டர்தான் வைக்க முடியும், சென்சிட்டிவிட்டி 2.36 ஆகிவிடும். கணினி மேசையின் இழுப்புத் தட்டில் கீபோர்டை வைத்தபின் மவுஸுக்கு மிஞ்சுவது ஒரு சாண். அதில் 52 சென்டிமீட்டர் கணக்கு நடக்காது. பெரிய ஆட்டக்காரர்களின் எண்ணைப் பார்த்து அப்படியே வைத்துக்கொள்கிறவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். மவுஸை மேசைமேல் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் எண்ணைக் கூட்டுங்கள். தொடங்கியபின் கிராஸ்ஹேர் தலையைத் தாண்டித் தாண்டிப் போனால் ஐந்து சதவீதம் குறையுங்கள்; எட்டாமல் நின்றால் ஐந்து சதவீதம் கூட்டுங்கள். மாற்றியபின் ஒரு வாரமாவது தொடாதீர்கள். தோற்ற ஆட்டத்துக்கு ஆட்டம் எண்ணை மாற்றினால் கைக்கு எந்தத் தூரமும் பதியாது.

சென்சார் தடம் தவறுகிறதா என்று ஆட்டத்துக்குள்ளேயே பார்க்கலாம். பயிற்சி வரைபடத்தில் சுவரில் ஒரு புள்ளியைக் குறிவையுங்கள். மவுஸின் இடப்பக்கம் ஒரு கனத்த புத்தகம், வலப்பக்கம் முப்பது சென்டிமீட்டர் தள்ளி இன்னொன்று. இடப் புத்தகத்தில் ஒட்டிய நிலையிலிருந்து வலப் புத்தகம் வரை மெதுவாகத் தள்ளி, அங்கிருந்து முடிந்தவரை வேகமாக இழுத்து இடப் புத்தகத்துக்கே கொண்டுவாருங்கள். கிராஸ்ஹேர் பழைய புள்ளிக்கே வந்தால் எல்லாம் ஒழுங்கு. புள்ளியைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் எங்கோ ஆக்சிலரேஷன் ஓடுகிறது: விண்டோஸ், ஆட்டத்தின் அமைப்பு, மவுஸின் மென்பொருள் என்ற வரிசையில் தேடுங்கள். புள்ளிக்கு வராமலே நின்றிருந்தால், வேகத்தில் சென்சார் எண்ணிக்கையைத் தவறவிட்டது. அதற்கு மருந்து புது மவுஸ்தான். அதற்கு முன் பேடை மட்டும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். கண்ணாடி மேசையும் பளபளக்கும் லேமினேட் பலகையும் நல்ல சென்சாரையே தடுமாற வைக்கும். பிடித்துக்கொள்ள அங்கே மேடுபள்ளம் இல்லை. லேசர் மவுஸ்களுக்குத் துணிப் பேடுதான் தொல்லை: ஒளி நெசவின் அடிவரை இறங்குவதால் வேகத்துக்கேற்ப அளவு மாறும்.

குறைந்த சென்சிட்டிவிட்டியில் ஆடுகிறவர்கள் மவுஸை அடிக்கடி தூக்கி நடுவில் வைப்பார்கள். தூக்கும்போது எவ்வளவு உயரம் வரை சென்சார் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது முக்கியம். பழைய சிடி ஒன்றின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். சென்சார் துளைக்கு நேராகச் சிடி வராதபடி மவுஸின் முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றும் வைத்து, மவுஸை அவற்றின்மேல் நகர்த்துங்கள். கர்சர் அசையாவிட்டால் நல்லது. இரண்டிரண்டு சிடி அடுக்கி 2.4 மில்லிமீட்டருக்கு உயர்த்தியும் கர்சர் ஓடினால், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் குறி இழுபடும். மவுஸின் மென்பொருளில் இந்த உயரத்தை மாற்ற முடிந்தால் 1 மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். சில துணிப் பேடுகளில் கர்சரின் ஓட்டம் அடிக்கடி அறுபட்டால் 2 மில்லிமீட்டருக்கே திரும்புங்கள்.

இதோடு சேர்ந்தது அடிப்பாதம். மவுஸின் கீழ் ஒட்டியிருக்கும் வழவழப்பான டெஃப்லான் பட்டைகள் தேய்ந்ததும் புதிது வாங்கி ஒட்டுகிறார்கள், சரி. பழையதை உரிக்காமல் அதன்மேலேயே ஒட்டுகிறார்கள்; அது தப்பு. 3360 சென்சாரின் லென்ஸ் மேசையிலிருந்து 2.4 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதற்காக வடிவமைக்கப்பட்டது, இருபுறமும் 0.2 மில்லிமீட்டர்தான் சலுகை. பட்டை ஒன்றின் தடிமனே அரை மில்லிமீட்டருக்கு மேல். அடுக்கி ஒட்டினால் படம் மங்கி டிபிஐயும் மாறிவிடும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் பழைய பட்டை உரிந்து வரும். மிச்சப் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தபின் புதியதை ஒட்டுங்கள்.

கர்சர் நின்ற இடத்தில் நடுங்குகிறதா, ஒரு பக்கம் மட்டும் திக்குகிறதா? மவுஸைத் திருப்பி, துளைக்குள் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். பத்துக்கு ஐந்து தரம் அங்கே ஒரு முடி கிடக்கும். மவுஸ் நகர்ந்தாலும் முடி படத்தில் அதே இடத்தில் நிற்பதால், நகரவில்லை என்று சென்சார் பாதி நேரம் நம்பிவிடுகிறது. ஊதினால் போய்விடும். போகாவிட்டால் காது குடையும் பஞ்சுக் குச்சி.

போலிங் ரேட் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சாதாரண மவுஸ் நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை கணினியோடு பேசும். 1,000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை. அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 8,000 ஹெர்ட்ஸ் என்று இப்போது விற்கிறார்கள். 400 டிபிஐயில் கை நொடிக்கு 10 அங்குலம் நகர்ந்தால் பிறக்கும் எண்ணிக்கையே 4,000. 8,000 முறை பேச அங்கே செய்தி ஏது? பழைய பிராசஸரில் அது ஆட்டத்தையே திக்கவைக்கும். வயர்லெஸ் மவுஸ் என்றால் அதனுடன் வந்த ரிசீவரில் இணையுங்கள். புளூடூத் சுமார் 133 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ரிசீவரைக் கணினியின் பின்புறம் நீல நிற யூஎஸ்பி 3 துளையில், பக்கத்தில் ஹார்டு டிஸ்க்கும் ஓடும்போது செருகினால், அந்தத் துளையின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் கலந்து மவுஸ் விட்டுவிட்டு ஓடும். ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர் வாங்கி, ரிசீவரை மவுஸிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள்.

தங்களிடம் வேண்டுவது இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு அட்டவணை போடும்போது டிபிஐக்கு ஒதுக்கிய இடத்தில் நான்கு விவரம் போடுங்கள்: சென்சாரின் பெயர், இரட்டிப்பு இல்லாத அதன் சொந்த டிபிஐ உச்சம், நொடிக்கு எத்தனை அங்குலம் வரை பின்தொடரும் என்பது, போலிங் ரேட். இந்த நான்கில் எதையாவது தயாரிப்பாளர் சொல்லவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் 'சொல்லவில்லை' என்றே அச்சிடுங்கள். 'துல்லியம்' என்ற சொல்லை டிபிஐக்குத் தராதீர்கள்.

இப்படிக்கு,
கணினி உதிரிபாகப் பழுதுநீக்குவோர் சிலர்,
சென்னை – 2.

பி.கு.: பேட் வாங்கும்வரை தங்கள் நாளிதழையே நான்காக மடித்து மவுஸுக்கு அடியில் வைக்கலாம். செய்தித்தாளின் நார் சென்சாருக்கு நன்றாகப் பிடிபடும். சென்சார்களின் அளவைச் சொல்லும்போது வெள்ளைத் தாளின் மேல் அளந்ததாகத்தான் தயாரிப்பாளர்களும் குறிப்பிடுவது வழக்கம். விளம்பரத்துக்காக வரும் வழவழப்பான பக்கத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும். அச்சு மை அடிப்பாதத்தில் ஏறும். வாரம் ஒருமுறை துடைத்துக்கொள்ளவும்.